சாயத்தொட்டியும் கிணற்று நீரும்: நிர்வாகத்தில் பெண்களின் இடம்

ஆரணியில் தறியில் அமர்ந்து பட்டு நெய்கிறவரும், கலசபாக்கத்திலும் போளூரிலும் மணிலாவும் கரும்பும் பயிரிடுகிறவரும் ஒரே திருவண்ணாமலை மாவட்டத்துக் கூட்டுறவாளர்கள். ஒருவர் நூலை நம்பி வாழ்கிறார். மற்றவர் மண்ணை நம்பி வாழ்கிறார். ஆனால் இருவரும் நம்பியிருக்கும் பொருள் ஒன்று உண்டு. அது தண்ணீர். நூலுக்குச் சாயம் ஏற்றவும் தண்ணீர் வேண்டும். நாற்றுக்கு உயிர் கொடுக்கவும் தண்ணீர் வேண்டும். கமண்டல நாகநதியும் செய்யாறும் ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் நம் பகுதியில் ஏரியும் கிணறுமே நமக்குக் கதி. அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வீடு சேர்ப்பவர் யார் என்று கேட்டால் விடை சொல்ல எவரும் யோசிக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்களே. ஆயினும் கிணற்றைப் பற்றியும், சாயத்தொட்டியைப் பற்றியும், சங்கத்தின் வரவு செலவைப் பற்றியும் முடிவு செய்யும் நிர்வாகக் குழுவில் அவர்களுள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? இந்த மாதப் பாடம் இக்கேள்வியைப் பற்றியது.

பெருங் கம்பெனிகளின் உலகில் இக்கேள்வி சில ஆண்டுகளாகப் பெரிதும் ஆராயப்பட்டு வருகிறது. பெண்கள் டைரக்டர்களாக அமர்வது, சுற்றுப்புறத்தின் நீரும் நிலமும் கெடாமல் காப்பது, நிறுவனம் லாபம் ஈட்டுவது ஆகிய மூன்றுக்கும் தொடர்பு உண்டா என்பதே ஆராய்ச்சி. கம்பெனிக்காரர்களின் விவகாரம் நமக்கு எதற்கு என்று அங்கத்தினர்கள் கருதலாகாது. அவர்கள் பட்ட அனுபவத்தைப் படித்துப் பயன்பெறுவது நமக்குச் செலவில்லாத கல்வி. ஆகவே மூன்றையும் முறையாக எடுத்துக்கொள்வோம்.

1. லாபம் என்பது யாது?

வரவில் செலவைக் கழித்தால் எஞ்சுவது லாபம். இது சிறுவரும் அறிந்த கணக்கு. ஆனால் எந்தச் செலவைக் கழித்தோம், எதை விட்டோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். கற்பனைக் கணக்கே ஆயினும், வழி உண்மையானது.

ஒரு சாயப்பட்டறை மற்ற எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் மிச்சம் காண்கிறது. கழிவு நீரைச் சுத்தம் செய்ய, கருவிகளுக்குரிய தவணை உட்பட, ஆண்டுக்கு 2 லட்சம் ஆகும். அதைச் செலவிட்டால் நிகர லாபம் 6 லட்சம். செலவிடாமல் கழிவை வாய்க்காலில் விட்டால் லாபம் 8 லட்சம். ஐந்து ஆண்டுகளில் முதல் வழியில் 30 லட்சமும், இரண்டாம் வழியில் 40 லட்சமும் சேரும். பொதுச் சபையில் எவர் கைதட்டுப் பெறுவார் என்பதைச் சொல்ல வேண்டுமா?

ஆறாம் ஆண்டு, அக்கம் பக்கத்துக் கிணறுகள் கெட்டுப் பட்டறையை மூடும்படி உத்தரவு வருகிறது என்று கொள்வோம். அந்த ஆண்டு வருமானம் இல்லை. சம்பளம், வட்டி, வாடகை என்று 3 லட்சம் கைப்பொறுப்பு. கிணறு கெட்ட குடியானவர்களுக்கு நஷ்ட ஈடு 5 லட்சம். ஆக, ஆறு ஆண்டுகளின் முடிவில் இவர் கையில் நிற்பது 32 லட்சம். ஒழுங்காகச் செலவிட்டவர் கையில் இருப்பதோ 36 லட்சம். அவரிடம் சுத்திகரிப்புக் கருவியும் இருக்கிறது, வாடிக்கைக்காரரும் இருக்கிறார். இவர் இனிமேல்தான் கருவி வாங்க வேண்டும். ஓராண்டில் விலகிப் போன வாடிக்கைக்காரரைத் திரும்பவும் தேட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது யாது? அந்த 2 லட்சம் ரூபாய்ச் செலவு எந்த ஆண்டிலும் இல்லாமற் போகவில்லை. பட்டறையின் பேரேட்டில் ஏறாமல், பக்கத்து வயல்காரரின் கிணற்றில் ஏறியது. தெருவிலுள்ள பெண்களின் தலையில், தொலைவிலிருந்து சுமந்து வரும் குடமாக ஏறியது. பிறர் தலையில் ஏற்றிய செலவு ஒரு நாள் நம் பேரேட்டுக்கே திரும்பி வரும். வரும்போது வட்டியோடு வரும்.

2. பாலாறும் நொய்யலும் கற்பித்தவை

மேற்கண்டது வெறும் ஊகம் என்று எண்ணுவோர் நம் மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள பாலாற்றங்கரையை நினைத்துப் பார்க்கலாம். அங்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்ட விஷயம் வழக்காக எழுந்து, வேலூர் குடிமக்கள் நலப் பேரவையின் மனுவின் மீது 1996 ஆகஸ்டு 28 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், அப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்பதும் அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டன. கேடு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயம் அத்தீர்ப்பின் வாயிலாக நம் நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட உத்தரவாயிற்று. சுத்திகரிப்பு வசதி செய்யாதவை மூடப்பட வேண்டும் என்றும் ஆயிற்று.

நெசவாளர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் திருப்பூர். பனியன் தொழிலால் உலகப் புகழ் பெற்ற அந்நகரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு நீர் தருவதற்கு மாறாகச் சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாயிற்று. அணையில் நீர் நிரம்பினால் மகிழ வேண்டிய விவசாயிகளே அதைத் திறந்துவிட வேண்டாம் என்று வேண்டும் நிலை வந்தது. நொய்யல் பாசன விவசாயிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2006-இல் ஆணையிட்டது. ஆணை முழுமையாக நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. நூலுக்குச் சாயம் ஏற்ற வழியின்றிப் பின்னலும் தையலும் தடைப்பட்டன; தொழிலாளர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினர். மீண்டும் திறந்த பட்டறைகள் நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்தன. முன்பே செய்திருந்தால் குறைந்த செலவில் முடிந்திருக்கும் காரியம் அது.

இவ்வழக்கில் ஒரு பக்கம் சாயக்காரர், மறுபக்கம் பயிர்க்காரர். நம் சங்கங்களிலோ இருவரும் அண்டை வீட்டுக்காரர்கள். பல குடும்பங்களில் அண்ணன் தறியிலும் தம்பி ஏரிலும் இருப்பார். ஆதலின் நம்மிடையே இவ்வழக்கு எழுமாயின், வென்றவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

3. கம்பெனிச் சட்டமும் பெண் டைரக்டர்களும்

இனி நிர்வாகத்தில் பெண்களின் இடத்துக்கு வருவோம். நார்வே நாடு, பெரிய பொதுக் கம்பெனிகளின் டைரக்டர்களுள் நூற்றுக்கு 40 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2003-இல் சட்டம் செய்தது. 2008-இல் அது முழு வலிமையோடு நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனி ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு பெண் டைரக்டர் வேண்டும் என்று விதித்தது. செலுத்திய பங்கு மூலதனம் 100 கோடி ரூபாய்க்கோ, விற்று வரவு 300 கோடி ரூபாய்க்கோ குறையாத பிற பொதுக் கம்பெனிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

சட்டம் வந்ததும் பல கம்பெனிகள் யாது செய்தன? முதலாளியின் மனைவியையோ மகளையோ தங்கையையோ டைரக்டராகப் பெயரெழுதி விட்டன. அவர்களுள் திறமைசாலிகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் குடும்பத் தலைவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? இதைக் கண்ட பின்னரே செபி வாரியம், கம்பெனி நடத்துவோரோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லாத சுயேச்சையான பெண் டைரக்டர் ஒருவர் வேண்டும் என்று விதித்தது. மிகப் பெரிய 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் முதலும், 1,000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரல் முதலும் அவ்விதி அமலுக்கு வந்தது.

சுற்றுப்புறக் கணக்கும் இவ்வாறே கட்டாயமாயிற்று. மிகப் பெரிய 1,000 கம்பெனிகள் 2022-23 முதல், எவ்வளவு நீர் எடுத்தோம், எவ்வளவு மின்சாரம் செலவிட்டோம், கழிவை என் செய்தோம், நிர்வாகத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பவற்றை ஒரே அறிக்கையில் வெளியிட வேண்டும். வெறும் ரூபாய்க் கணக்கு மட்டும் ஒரு நிறுவனத்தின் நிலையைக் காட்டாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

4. பெண்கள் வந்தால் லாபம் பெருகுமா?

இவ்விடத்தில் நாம் நிதானமாக நடக்க வேண்டும். உலகெங்கும் பெரிய கம்பெனிகளை ஒப்பிட்டு கிரெடிட் சுயிஸ் என்னும் ஸ்விட்சர்லாந்து பாங்கி 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண் டைரக்டர் உள்ள பெருங் கம்பெனிகளின் பங்குகள், இல்லாதவற்றின் பங்குகளைவிட ஆறு ஆண்டுகளில் நூற்றுக்கு 26 அளவு மேலான பலன் தந்தன என்று அது கூறிற்று. இதைக் கேட்டவுடன், பெண்ணை நியமித்தால் லாபம் கொட்டும் என்று முடிவு செய்வது தவறு.

நம் ஊர் அனுபவத்தால் இதை விளக்கலாம். ஏரிப் பாசனமுள்ள நல்ல நன்செய்க்காரர் வீட்டில் விளைச்சலும் மிகுதியாக இருக்கும். தொழுவத்தில் நல்ல காளைகளும் நிற்கும். காளைகளால்தான் விளைச்சல் மிகுந்தது என்று சொன்னால் சரியாகுமா? இரண்டுக்கும் காரணம் ஏரி நீர். அதுபோலவே, ஏற்கெனவே செழிப்பும் ஒழுங்கும் உள்ள கம்பெனிகள் பெண்களை நியமிக்க முன்வந்திருக்கலாம் அல்லவா?

இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் மேலும் ஆழ்ந்து பார்த்தார்கள். நார்வேச் சட்டத்தால் கம்பெனிகளின் பங்கு மதிப்புக் குறைந்தது என்று 2012-இல் ஓர் ஆய்வு கூறியது. அக்கணக்கை மீண்டும் சோதித்த வேறு சிலர், குறைவு ஏற்பட்டதாக நிலைநாட்ட முடியாது என்று 2022-இல் எழுதினர். 140 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த போஸ்ட், பைரன் என்னும் இருவர் 2015-இல் வெளியிட்ட முடிவு நடுநிலையானது. கணக்கேட்டு லாபத்தில் சிறிதளவு நன்மை தென்படுகிறது; பங்குச் சந்தை விலையிலோ அநேகமாக மாறுதல் இல்லை. பங்குதாரர்களின் உரிமை நன்கு காக்கப்படும் நாடுகளில் அந்நன்மை கூடுதலாகத் தெரிகிறது. அதாவது, கேள்வி கேட்கும் உரிமைக்கு மதிப்புள்ள இடத்தில்தான் புதிதாக வந்தவரின் கேள்வி பயன் தருகிறது.

ஆகவே லாபம் தருவார்கள் என்று ஆசை காட்டிப் பெண்களுக்கு இடம் கேட்பது முறையன்று. ஆண் டைரக்டர்களை நாம் அவ்வாறு சோதித்துத்தான் அமர்த்தினோமா?

5. தண்ணீரைப் பற்றி ஐயமில்லாத சான்று

லாபத்தில் சான்று மங்கலாயினும், நீர் விஷயத்தில் சான்று தெளிவாக இருக்கிறது. அதுவும் நம் நாட்டிலேயே கிடைத்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2016-இல் அது சரிபாதியாக உயர்த்தப்பட்டது. எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பது சுழற்சி முறையில் அமைந்தபடியால், செழிப்பான ஊர்தான் பெண்ணைத் தேர்ந்தது என்ற ஐயத்துக்கு இடமில்லை. மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்த ராகவேந்திர சட்டோபாத்தியாயாவும் எஸ்தர் டூஃப்லோவும் 2004-இல் தம் முடிவை வெளியிட்டனர். பெண் தலைவர் உள்ள ஊர்களில் குடிநீருக்குச் செலவழித்த பணம் மிகுதியாக இருந்தது. டூஃப்லோ அம்மையார் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றோருள் ஒருவர்.

காட்டைக் காக்கும் கிராமக் குழுக்களைப் பற்றிப் பீனா அகர்வால் என்னும் பொருளாதார அறிஞர் குஜராத்திலும் நேபாளத்திலும் ஆராய்ந்து 2010-இல் நூல் வெளியிட்டார். நிர்வாகக் குழுவில் பெண்கள் கணிசமாக இருந்த இடங்களில் காடு மேலும் நன்றாகத் தழைத்தது என்பது அவர் கண்டது. ஒரே ஒரு பெண் இருந்தால் போதாது. நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால்தான் அவர்கள் கூட்டத்துக்கு வந்து வாய் திறந்து பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்ட உண்மை.

இதன் காரணம் மாயமன்று. சேதத்தின் வலி முதலில் எவர் மீது படுகிறதோ, அவரே அதை முதலில் அறிகிறார். கிணற்று நீர் நிறம் மாறியதை நிர்வாகக் குழு அறியும் முன் குடம் சுமப்பவர் அறிவார். அவர் குழுவிலேயே இருந்தால், கேள்வி ஐந்து ஆண்டு முன்பே எழும். முன்னதாக எழும் கேள்விக்குச் செலவு குறைவு. பெண்கள், நீர், லாபம் என்னும் மூன்றையும் இணைக்கும் கண்ணி இதுவே. நம் உதாரணத்தில் 32 லட்சத்துக்கும் 36 லட்சத்துக்கும் இடையே நின்றது அந்தக் கேள்விதான்.

6. பெண்களால் நிர்வாகம் நடத்த இயலுமா?

இவ்வையத்தை இன்னும் சிலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாதத்தால் விடை தருவதை விட அனுபவத்தால் தருவதே தகும். 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய அப்பளத் தொழில், லிஜ்ஜத் என்ற பெயரில் நாடெங்கும் பரவிற்று. ஆமதாபாத்தில் 1974-இல் ஏழைத் தொழிலாளப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுச் சேவா கூட்டுறவு பாங்கியை நிறுவினர். நமக்கு அடுத்த தர்மபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் சேமிப்பும் கடனும் நடத்துகின்றன. திருப்பதியில் 2014-இல் தொடங்கிய ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் கம்பெனியில் பங்குதாரர்கள் அனைவரும் பெண்கள். அவர்கள் தொகை ஒரு லட்சத்துக்கு மேல். கம்பெனி என்பது பெயர். ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. அது நம் கூட்டுறவு விதியேயன்றி வேறன்று.

7. நம் சங்கத்தில் செய்ய வேண்டியவை

கூட்டுறவுச் சங்கத்தின் குழுவில் இரண்டு இடங்கள் பெண்களுக்கு என்று 97-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் விதித்தது. அது 2012-இல் அமலுக்கு வந்தது. மாநிலச் சங்கங்களைப் பொறுத்த வரையில் அத்திருத்தப் பகுதி செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2021-இல் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாமையே காரணம். நம்மை ஆள்வது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும், நம் துணைவிதிகளுமே. ஆனால் இட ஒதுக்கீடு எவ்வளவு இருந்தாலும், அதற்கு முன் நிற்கும் தடை ஒன்று உண்டு.

அங்கத்தினர் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தார் சுற்றுகிறவர் பெண். பாவுக்குத் துணை நிற்கிறவர் பெண். பல வீடுகளில் தறியில் அமர்ந்து நெய்கிறவரும் பெண். 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறியாளர்களுள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் பதிவேட்டில் இருப்பது அப்பாவின் பெயர், கணவரின் பெயர். வயலிலும் அதுவே கதை. களையெடுப்பதும் மணிலா ஆய்வதும் பெண்கள் கை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்போருள் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேரே. அங்கத்தினர் அல்லாதவர் வாக்களிக்க முடியாது. வாக்கில்லாதவர் டைரக்டராக முடியாது. கணவர் காலமான பின், இருபது ஆண்டு நெய்த பெண் சங்கத்தின் வாசலில் புதியவளாக நின்று விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பது நமக்குப் பெருமையா?

ஆகவே ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை நான்கு. தாமே நெய்கிற, தாமே பயிரிடுகிற பெண்களைத் துணைவிதிக்கு உட்பட்டு அவரவர் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்த்தல். குழுவில் ஒருவரை மட்டும் பேருக்கு அமர்த்தாமல், சேர்ந்து பேசத்தக்க அளவுக்குப் பலரைத் தேர்தல். கூட்டத்தை, அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைத்து, கணவரின் கையெழுத்தையோ குரலையோ அவர்களுக்குப் பதிலாக ஏற்காதிருத்தல். ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்கோடு ஒரு பக்கத்தில் நீர்க் கணக்கையும் சேர்த்தல்: சாயத்துக்கும் பாசனத்துக்கும் எவ்வளவு எடுத்தோம், கழிவு எங்கே சென்றது, சுற்றியுள்ள கிணறுகள் எந்நிலையில் உள்ளன என்பவை அதில் வர வேண்டும். பெருங் கம்பெனிகள் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதை நாம் அண்டை வீட்டாருக்காகச் செய்வோம்.

கூட்டுறவு என்பது, தொழிலைச் செய்கிறவரே அதன் உடைமையாளராகவும் இருப்பது. தொழிலைச் செய்கிறவர்களுள் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்டு நாம் நடத்துவதற்கு அப்பெயர் முழுமையாகப் பொருந்தாது.

கூடிப் படிப்போருக்குச் சில வினாக்கள்

1. உங்கள் சங்கத்தின் பதிவேட்டில் பெண் அங்கத்தினர் எத்தனை பேர்? உங்கள் தெருவில் நெய்கிற அல்லது பயிரிடுகிற பெண்கள் எத்தனை பேர்? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

2. சென்ற ஆண்டறிக்கையில் காட்டிய லாபத்துள், பேரேட்டில் ஏறாமல் பிறர் மீது விழுந்த செலவு ஏதேனும் உண்டா?

3. உங்கள் ஊர்க் கிணற்று நீரில் மாறுதல் கண்டால், அதை முதலில் அறிபவர் யார்? அவர் அதைச் சொல்லுவதற்குச் சங்கத்தில் இடம் இருக்கிறதா?

4. மூன்றாம் வினாவுக்கு இல்லை என்று விடை வருமாயின், அடுத்த பொதுச் சபைக்கு முன் நீங்கள் கொண்டு வரும் தீர்மானத்தின் வாசகம் யாது? அதை எழுதிக்கொண்டே கூட்டத்துக்கு வாருங்கள்.